பெருந்தொற்றின்போது அரசுக்கு மக்கள் போட்ட மதிப்பெண்: எந்த அளவு நம்பலாம்?

நெடுவழி எழுதியது:

கோவிட் அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. ஆனால் எந்த அரசு நன்றாகச் சமாளித்தது, எது சொதப்பியது என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. அந்தச் சண்டையில் யாராவது ஒருவர் பழைய கருத்துக்கணிப்பு ஒன்றைத் தூக்கிப் போடுகிறார். "மக்களே பாராட்டியிருக்கிறார்கள், அப்புறம் என்ன பேச்சு?" என்கிறார். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதைப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2020 மார்ச்சில் இத்தாலியின் நிலை நினைவிருக்கும். பெர்காமோவில் தகனக்கூடம் தாங்காமல், சவப்பெட்டிகளை ராணுவ லாரிகளில் ஏற்றி வேறு நகரங்களுக்கு அனுப்பினார்கள். அதே மாதத்தில் பிரதமர் ஜுசெப்பே கோண்டேவுக்கு மக்கள் ஆதரவு 70 விழுக்காட்டைத் தாண்டியது. தென்கொரியா அப்போது சோதனை, தொடர்பு கண்டறிதல் இரண்டிலும் உலகுக்கே முன்மாதிரியாக இருந்தது. அங்கே ஏப்ரல் 15 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஆளும் தரப்பு 300 இடங்களில் 180-ஐப் பிடித்தது. ஒரு நாடு தொற்றில் திணறிக்கொண்டிருந்தது, இன்னொன்று அடக்கி வைத்திருந்தது. இரண்டு தலைவர்களுக்கும் செல்வாக்கு ஏறியது.

ஆபத்து வந்தால் மக்கள் தலைவர் பின்னால் திரளுவார்கள் என்பதை அரசியல் ஆய்வாளர் ஜான் முல்லர் 1970-லேயே எழுதிவிட்டார். அவர் பார்த்தது போரையும் வெளிநாட்டு நெருக்கடிகளையும். தொற்றுநோயிலும் அதேதான் நடந்தது. பயந்திருக்கும் நேரத்தில் ஓட்டுநரை மாற்ற யாருக்கும் மனம் வராது. அதனால் முதல் மூன்று மாதப் பாராட்டை அரசின் திறமைக்கான சான்றாக எடுக்கவே கூடாது என்கிறேன். அதற்குப் பிறகு வந்த கருத்தைத்தான் கவனிக்க வேண்டும். அந்தக் கருத்தைத் தீர்மானித்தவை இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது: அரசு உண்மையைச் சொன்னதா, ஆள்பவர்களும் அதே விதிக்குக் கட்டுப்பட்டார்களா. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

முதல் பாதியை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியில் சந்தேகம் இருக்கிறது. அதற்கு முன்னால், கணிப்புகள் எப்படி எடுக்கப்பட்டன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதில் வேலை செய்கிறவன் என்பதால் சொல்ல வேண்டிய கடமை உண்டு.

அடிக்கடி காட்டப்படுவது பியூ ஆய்வு மையம் 2020 கோடையில் 14 நாடுகளில் எடுத்த கணிப்பு. தங்கள் நாடு கோவிட்டை நன்றாகக் கையாண்டது என்று டென்மார்க்கில் 95 விழுக்காட்டினர் சொன்னார்கள். அமெரிக்காவில் 47, பிரிட்டனில் 46. இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 14-உம் வளர்ந்த நாடுகள். எல்லாமே தொலைபேசி வழியாக எடுத்தவை. கையாண்ட விதம் பற்றிய கேள்வியோ ஒன்றே ஒன்று: நன்றாகச் செய்தார்களா, மோசமாகச் செய்தார்களா. பள்ளியை மூடியது சரி, மூடிய விதம் தவறு என்று நினைப்பவர் இதற்கு என்ன பதில் சொல்வார்? உதவித்தொகை கிடைத்ததால் மகிழ்ந்தவரும், சோதனை கிடைக்காமல் அலைந்தவரும் ஒரே பெட்டிக்குள் போய்விடுகிறார்கள்.

அமெரிக்காவின் 47 என்ற எண்ணே ஏமாற்றும். குடியரசுக் கட்சிப் பக்கம் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் 'நன்று' என்றார்கள். ஜனநாயகக் கட்சிப் பக்கம் நான்கில் ஒரு பங்குதான். ஒரே நாட்டில், ஒரே வைரஸைச் சந்தித்த இரண்டு கூட்டம். அவர்கள் தொற்றுக்கு மதிப்பெண் போடவில்லை, தங்கள் கட்சிக்குப் போட்டார்கள். இந்த இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வரும் எண்ணில் யாருடைய கருத்தும் இருக்காது.

செவிலி எழுதியது:

நீங்கள் இருவரும் விழுக்காடு பேசுகிறீர்கள். நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவள். எனக்கு இந்தப் பேச்சே கொஞ்சம் கசக்கிறது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை விட்டுவிட்டு எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று ஏன் பார்க்க வேண்டும்?

இன்னொன்று. மக்கள் கருத்துச் சொன்னபோது அவர்கள் கையில் இருந்த தகவல் என்ன? 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து உலகம் முழுதும் கோவிட் இறப்பு என்று அரசுகள் பதிவு செய்தது ஏறத்தாழ 54 லட்சம். அதே காலத்தில் வழக்கத்தைவிட அதிகமாக நடந்த இறப்புகள், அதாவது கூடுதல் இறப்பு, ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் மதிப்பிட்டது. இந்தியாவுக்கு மட்டும் அதன் மதிப்பீடு 47 லட்சம். இந்திய அரசு அதை ஏற்கவில்லை, கணக்கிட்ட முறையே தவறு என்றது. யார் கணக்கு சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் உலக அளவில் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, 'எங்கள் அரசு நன்றாகச் செய்தது' என்று தொலைபேசியில் பதில் சொன்னவர் எதைத் தெரிந்துகொண்டு சொன்னார்?

என் பிரிவில் இறந்த சிலரின் சான்றிதழில் கோவிட் என்ற சொல்லே வரவில்லை. சோதனை முடிவு வருவதற்குள் இறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். கெட்ட எண்ணத்தோடு யாரும் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

வழிப்போக்கன் எழுதியது:

செவிலி அக்கா சொன்ன இடைவெளிக்குத் தென் அமெரிக்காவின் பெரு நாடுதான் பெரிய பாடம். இந்த நாட்டை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரு தாமதிக்கவில்லை. 2020 மார்ச் 15 அன்றே ஊரடங்கை அறிவித்துவிட்டது. லத்தீன் அமெரிக்காவில் மிக முன்னதாகவும் மிகக் கடுமையாகவும் பூட்டிய நாடுகளில் அது ஒன்று. ஜனாதிபதி மார்ட்டின் விஸ்காராவுக்கு ஆதரவு 80 விழுக்காட்டுக்கு மேலே போனது. ஏட்டில் பார்த்தால் எல்லாமே சரி.

நடந்தது என்ன? உழைப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் முறைசாராத் தொழிலில் இருந்தார்கள். அன்று சம்பாதித்தால்தான் அன்று அடுப்பு எரியும். ஏறத்தாழ பாதி வீடுகளில் குளிர்பதனப் பெட்டி இல்லை. வாரத்துக்கு ஒருமுறை வாங்கி அடுக்கிவைக்க வழியில்லாததால், சந்தைக்கு நாள்தோறும் போயே ஆக வேண்டும். சந்தைகள் தொற்றின் மையமாகிவிட்டன. அரசு உதவித்தொகை கொடுத்தது, அதுவும் தாராளமாகவே. ஆனால் பெரும்பாலோருக்கு வங்கிக் கணக்கு இல்லை. பணம் வாங்க வங்கி வாசலில் மணிக்கணக்கில் நெருக்கியடித்து நின்றார்கள். உதவியே தொற்றைப் பரப்பியது. ஆக்சிஜனுக்காகக் காலி உருளையோடு நின்ற வரிசைகள் அப்புறம் வந்தவை.

2021 மே கடைசியில் இறப்புக் கணக்கைத் திருத்தினார்கள். 69,000-ஐ ஒட்டி இருந்த எண் ஒரே நாளில் 1,80,000-ஐத் தாண்டியது. மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் உலகிலேயே அதிக இறப்பு விகிதம். கணக்கை இப்படி வெளிப்படையாகத் திருத்தியதை நான் மதிக்கிறேன், பல நாடுகள் அதைச் செய்யவே இல்லை.

நெடுவழி உண்மை, சம விதி என்று இரண்டைச் சொல்கிறார். வயிற்றை விட்டுவிட்டார். வீட்டில் இருக்கச் சொல்கிற அரசு, வீட்டில் இருக்க முடியாதவனுக்கு என்ன வழி செய்தது என்பதுதான் ஏழையின் முதல் கேள்வி. இந்தியாவில் 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து, நள்ளிரவிலிருந்தே நாடு முழுவதையும் பூட்டினார்கள். நான்கு மணி நேரம். புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்கள். நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்தவரிடம் எந்தக் கணிப்பு போய்க் கேள்வி கேட்டது?

நெடுவழி எழுதியது:

வழிப்போக்கன், வயிறு என்ற மூன்றாவதைச் சேர்த்துக்கொள்கிறேன். பெரு விஷயத்தில் விஸ்காராவின் தடுப்பூசி விவகாரத்தையும் சொல்லியிருக்கலாமே? என் இரண்டாவது காரணத்துக்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

மேலைக்காற்று எழுதியது:

அதையும் சொல்கிறேன், பிரிட்டனையும் சொல்கிறேன். இரண்டும் ஒரே கதைதான்.

பிரிட்டனில் ஊரடங்கு தொடங்கியது 2020 மார்ச் 23. சில நாள்களிலேயே பிரதமரின் முதன்மை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ், மனைவிக்கு உடல்நலம் சரியில்லாத நிலையில், குடும்பத்தோடு லண்டனிலிருந்து டர்ஹாமுக்குக் காரில் போனார். மே மாதம் அது செய்தியானது. அவர் பதவி விலகவில்லை, பிரதமரும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. அப்போது பல்லாயிரம் பேரிடம் தொடர்ச்சியாக ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதன் முடிவு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இங்கிலாந்தில் அரசின் மீதான நம்பிக்கை அந்தச் செய்திக்குப் பிறகு சட்டென்று சரிந்தது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும், அங்குள்ள மக்கள் தங்கள் அரசுகளின் மேல் வைத்திருந்த நம்பிக்கை அப்படிச் சரியவில்லை. வைரஸ் ஒன்றுதான், மாதமும் ஒன்றுதான். வேறுபாடு அந்த ஒரு பயணமும் அதற்குச் சொன்ன சப்பைக்கட்டும்.

அதே ஸ்காட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி ஏப்ரலில் தன் இரண்டாவது வீட்டுக்குப் போய் மாட்டிக்கொண்டார். செய்தி வந்த அன்றே பதவி விலகினார். தவறு யார் வேண்டுமானாலும் செய்வார்கள். அதற்கு விலை கொடுத்தார்களா என்பதைத்தான் மக்கள் பார்த்தார்கள். ஊரடங்குக் காலத்தில் நடந்த பிரதமர் அலுவலக விருந்துகள் தொடர்பாகப் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கே 2022 ஏப்ரலில் அபராதம் விழுந்தது. பெற்றோரின் கடைசி நேரத்தில் கூட இருக்க முடியாதவர்கள் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள்? அந்தக் கோபத்தை அரசியல் என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் விதியைக் கடைப்பிடித்தவர்கள், அதனாலேயே அதிகம் இழந்தவர்கள்.

பெருவில் 2021 பிப்ரவரியில் வெளியானது: சோதனைக்காக வந்த தடுப்பூசியை அதிகாரிகளும் செல்வாக்குள்ளவர்களுமாக நூற்றுக்கணக்கானோர் மக்களுக்கு முன்னால் ரகசியமாகப் போட்டுக்கொண்டார்கள். விஸ்காராவும் அதில் ஒருவர்.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

விஸ்காரா கதை அங்கே முடியவில்லை. அது வெளியான இரண்டே மாதத்தில், 2021 ஏப்ரலில், அவர் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டார். வேட்பாளர்களிலேயே மிக அதிக வாக்கு வாங்கியவர் அவர்தான்! நாடாளுமன்றம் அவரைப் பொதுப் பதவிகளிலிருந்து தடை செய்துவிட்டதால் பதவியில் அமர முடியவில்லை, அது வேறு விஷயம். ஆள்பவர் விதியை மீறினால் மக்கள் மன்னிக்க மாட்டார்கள் என்ற கொள்கைக்கு இது ஒத்துவரவில்லை. அவரை ஜனாதிபதி பதவியிலிருந்து வீழ்த்திய நாடாளுமன்றத்தின் மேல் மக்களுக்கு அதைவிடப் பெரிய வெறுப்பு இருந்தது, அது ஒரு காரணமாக இருக்கலாம். மக்கள் ஒருவரைத் தனியாக எடைபோடுவதில்லை, எதிரில் யார் நிற்கிறார் என்றும் பார்க்கிறார்கள்.

ஆனாலும் நம்பிக்கை என்ற பெரிய விஷயத்தில் நெடுவழி பக்கமே நிற்கிறேன். தொற்றுக்கு நாடுகள் எவ்வளவு ஆயத்தமாக இருக்கின்றன என்று அளந்து 2019-இல் வெளியான உலக சுகாதாரப் பாதுகாப்புக் குறியீட்டில் முதலிடம் அமெரிக்கா, இரண்டாமிடம் பிரிட்டன். தொற்று வந்ததும் அந்தத் தரவரிசை என்ன ஆனது என்று தெரியும். 177 நாடுகளையும் பகுதிகளையும் எடுத்துக்கொண்ட ஆய்வு 2022 பிப்ரவரியில் லான்செட்டில் வந்தது. ஆயத்த நிலைக் குறியீடுகளுக்கும் தொற்று அளவுக்கும் பொருளுள்ள தொடர்பு தெரியவில்லை. அரசின் மேலும் சக மனிதர்கள் மேலும் நம்பிக்கை அதிகமாக இருந்த இடங்களில்தான் தொற்று குறைவாக இருந்தது. தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் ஆய்வகம், படுக்கை, கையேடு இவற்றை எண்ணிய குறியீடுகள் கோட்டைவிட்டதை நம்பிக்கை பற்றிய எளிய கேள்வி பிடித்துவிட்டது.

டென்மார்க்கில் 2021 ஏப்ரல் 14 அன்று ஆஸ்ட்ராசெனகா தடுப்பூசியை முழுமையாக நிறுத்தினார்கள். மிக அரிதான ரத்தக்கட்டு ஆபத்து இருக்கிறது, எங்கள் நாட்டில் தொற்று இப்போது கட்டுக்குள் இருக்கிறது, வேறு ஊசியும் கையில் இருக்கிறது, ஆகவே நிறுத்துகிறோம் என்று காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். மக்கள் பயந்து மற்ற ஊசிகளையும் ஒதுக்கவில்லை. அங்கே தடுப்பூசி போட்டவர்களின் அளவு உயர்வாகவே இருந்தது. கெட்ட செய்தியைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்று மறைக்கிற அரசுகள் இதைப் படிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் நேர் எதிர். தொடர்பு கண்டறியும் டிரேஸ்டுகெதர் செயலியின் தகவல் அந்த வேலைக்கு மட்டும்தான் என்று சொல்லி மக்களைச் சேர்த்தார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்கும் காவல்துறை அதைப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. பிறகு கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. சொன்ன சொல்லை நம்பிச் சேர்ந்தவர்களுக்கு அது உறுத்தத்தான் செய்தது.

தனிமரம் எழுதியது:

எல்லோரும் நம்பிக்கை, நம்பிக்கை என்கிறீர்கள். எனக்கு அதில்தான் பயம். பெரும்பான்மையின் நம்பிக்கை சிறுபான்மையின் முதுகில் ஏறி நிற்கலாம்.

இலங்கையைப் பாருங்கள். கோவிட்டால் இறந்தவர்கள், இறந்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் கட்டாயமாக்கினார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் தெளிவாக அனுமதித்திருந்தது. முஸ்லிம் குடும்பங்கள் கதறின. கைக்குழந்தையின் உடலைக்கூட எரித்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் புதைக்க அனுமதி வந்தது. அரசு முறையாக மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். இதற்கு நடுவே, 2020 ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் ஆளும் கட்சி 225-இல் 145 இடங்களை வென்றது. இந்த ஆணைக்காக மக்கள் வாக்களித்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வெற்றி எண்ணுக்குள் அந்தக் குடும்பங்களின் வேதனை எங்கே இருக்கிறது? எந்த விழுக்காட்டில் தேடுவீர்கள்?

சீனாவில் மூன்று ஆண்டுகளாகக் கோவிட்டே இல்லாத நிலை என்ற கொள்கை. மக்கள் ஆதரிக்கிறார்கள் என்றே அரசு சொல்லி வந்தது. 2022 நவம்பர் 24 அன்று உரும்சி நகரில் அடுக்குமாடிக் கட்டடம் தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். ஊரடங்குத் தடுப்புகளால்தான் தப்பிக்க முடியவில்லை என்று மக்கள் நம்பினார்கள், அதிகாரிகள் மறுத்தார்கள். வெற்றுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பல நகரங்களில் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பர் 7 அன்று கட்டுப்பாடுகளில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். பேச முடியாத இடத்தில் கருத்துக்கணிப்பு அமைதியாகத்தான் இருக்கும். அந்த அமைதியை ஆதரவு என்று எண்ணாதீர்கள்.

செவிலி எழுதியது:

தனிமரம், அந்தக் குழந்தை விஷயம் இன்றும் மனதை விட்டுப் போகவில்லை. சொன்னதற்கு நன்றி.

ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எதிர்ப்பு என்றாலே நியாயமான எதிர்ப்பு ஆகிவிடாது. மாஸ்க்கை எதிர்த்து 1919-லேயே சான் பிரான்சிஸ்கோவில் சங்கம் வைத்திருந்தார்கள். தெருவில் போராடுவது உரிமை, அதை மதிக்கிறேன். பல நாடுகளில் தடுப்பூசி போட்ட செவிலியரை மிரட்டினார்கள், மருத்துவமனை வாசலில் கத்தினார்கள். அதுவும் மக்கள் கருத்து என்ற பெயரில்தான் நடந்தது. சத்தம் போட்டவர்கள் செய்தியில் வந்தார்கள். வரிசையில் நின்று ஊசி போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியவர்கள் வரவில்லை.

வழிப்போக்கன் எழுதியது:

நியூசிலாந்தை யாருமே எடுக்கவில்லையே? 2020 அக்டோபரில் பிரதமர் ஜசிந்தா ஆர்டெனின் தொழிற்கட்சி 50 விழுக்காடு வாங்கியது. 1996-இல் அவர்கள் புதிய தேர்தல் முறைக்கு மாறிய பிறகு தனிக்கட்சி பெரும்பான்மை பெற்றது அதுவே முதல் முறை. 2023-இல் அதே கட்சி 27 விழுக்காட்டுக்கும் கீழே. இத்தனைக்கும் தொற்றுக் காலக் கூடுதல் இறப்பு மிகக் குறைவாக இருந்த நாடுகளில் அது ஒன்று. விலைவாசிதான் தோற்கடித்தது என்பது தெரியும். ஆனாலும், காப்பாற்றப்பட்ட உயிருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை என்ற எண்ணம் எனக்கு வருகிறது. வராத சாவை யாரும் பார்ப்பதில்லை அல்லவா?

எண்ணும்எழுத்தும் எழுதியது:

நன்றியை மட்டும் மறக்கவில்லை, தங்கள் பழைய பயத்தையே மக்கள் மாற்றி நினைவில் வைத்திருக்கிறார்கள். 2023-இல் நேச்சர் அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தொற்றின்போது என்ன நினைத்தீர்கள் என்று அப்போதே கேட்டுப் பதிந்து வைத்திருந்த ஆட்களிடம், பின்னால் அதே கேள்வியைக் கேட்டார்கள். தடுப்பூசி போட்டவர்கள், தாங்கள் அன்று கொண்டிருந்த பயத்தைக் கூட்டிச் சொன்னார்கள். போடாதவர்கள் குறைத்துச் சொன்னார்கள். இன்றைய நிலைப்பாட்டுக்கு ஏற்ப நேற்றைய நினைவு வளைந்துவிட்டது. இப்படி வளைந்த நினைவைக் கொண்டு அன்றைய முடிவுகள் தேவைதானா என்று இன்று தீர்ப்பளிக்கிறோம்.

இதனால்தான் காலம் கடந்து எடுக்கும் கணிப்பிலும் எனக்கு ஐயம் உண்டு. நெடுவழி முதல் மூன்று மாதத்தை ஒதுக்கச் சொன்னார். மூன்று ஆண்டு கழித்து வருவதையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

மேலைக்காற்று எழுதியது:

அப்படியானால் விசாரணைக் குழுக்கள்தான் வழியா? சுவீடன் 2020 கோடையிலேயே, தொற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே குழு அமைத்தது. அந்த டிசம்பரில் வந்த முதல் அறிக்கை, முதியோர் இல்லங்களைக் காப்பதில் நாடு தவறிவிட்டது என்று நேராகச் சொன்னது. நாம் தோற்றுவிட்டோம் என்று மன்னரே சொன்னார். 2022 பிப்ரவரியில் இறுதி அறிக்கை. ஆரம்ப நடவடிக்கைகள் போதவில்லை, தாமதமாகவும் வந்தன, ஆனால் கட்டாயத்தைவிட அறிவுரையை நம்பிய பாதை அடிப்படையில் சரி என்றது. மூன்று ஆண்டுக் கூடுதல் இறப்பைக் கூட்டிப் பார்த்தால் ஐரோப்பாவில் குறைவாக இருந்த நாடுகளில் சுவீடனும் உண்டு. 2020-இல் நிறுத்தியிருந்தால் ஒரு தீர்ப்பு, 2022-இல் நிறுத்தினால் வேறு தீர்ப்பு.

நெடுவழி எழுதியது:

சுவீடன் குழுவை நான் மதிப்பது அதன் முடிவுக்காக அல்ல, அதன் நேரத்துக்காக. ஆள்பவர்கள் பதவியில் இருக்கும்போதே, அடுத்த அலைக்கு முன்னால், தவறு எழுத்தில் வந்துவிட்டது. பிரிட்டனில் பொது விசாரணையின் சாட்சியம் தொடங்கியதே 2023 ஜூனில்தான், அதற்குள் பிரதமர்களே மாறிவிட்டார்கள்.

எண்ணும்எழுத்தும், உங்களிடமே கேட்கிறேன். அடுத்த தொற்று வந்தால் நீங்கள் எப்படிக் கணிப்பு எடுப்பீர்கள்?

எண்ணும்எழுத்தும் எழுதியது:

'அரசு நன்றாகச் செய்கிறதா' என்ற கேள்வியைக் கடைசியில் வைப்பேன், முடிந்தால் எடுத்தே விடுவேன். முதலில் நடந்ததைக் கேட்பேன். கடந்த இரண்டு வாரத்தில் சோதனை தேவைப்பட்டதா, கிடைத்ததா, எத்தனை நாளில் முடிவு வந்தது? வேலைக்குப் போகாமல் இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? அறிவித்த உதவி கைக்கு வந்ததா, வாங்க எங்கே நின்றீர்கள்? வீட்டில் யாராவது இறந்தார்களா, சான்றிதழில் என்ன எழுதியிருந்தது? உங்கள் வழக்கப்படி இறுதிச் சடங்கு செய்ய விட்டார்களா? நேற்று அரசு சொன்னது என்ன என்று உங்களுக்குப் புரிந்ததா?

ஒரே ஆட்களிடம் மாதாமாதம் கேட்க வேண்டும், அப்போதுதான் நினைவு வளைவதைப் பிடிக்க முடியும். தொலைபேசி இல்லாதவர்களிடம் நேரில் போக வேண்டும். தொற்றுக் காலத்தில் நேரில் போவது ஆபத்து என்பதால், உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள் வழியாகப் போகும் ஏற்பாட்டை இப்போதே செய்து வைக்க வேண்டும். சிறுபான்மைக் குழுக்களிடம் எண்ணிக்கையைவிட அதிகமாக ஆள் எடுத்து, அவர்களின் பதிலைச் சராசரியில் கரைக்காமல் தனியே அச்சிட வேண்டும். செலவு பிடிக்கும். அரசே பணம் கொடுத்து அரசே வெளியிடுவதாக இருந்தால் நான் அந்த வேலையை ஏற்க மாட்டேன்.

செவிலி எழுதியது:

சுகாதாரப் பணியாளரைக் கேள்வி கேட்க மட்டும் அனுப்பாதீர்கள், அவரிடமும் கேளுங்கள். கையுறை இருந்ததா, கவச உடை இருந்ததா, தட்டுப்பாட்டை வெளியில் சொன்னால் வேலை போகும் என்று யாராவது மிரட்டினார்களா. பல நாடுகளில் அப்படி நடந்தது. பெயர் வெளியே போகாது என்ற உறுதி எழுத்தில் இருந்தால் பதில் சொல்லும் முதல் ஆள் நான்.